வாடிவாசல்: தோற்கத் தெரியாதவர்கள்

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஒன்று, மனிதனும் மிருகமும் மோதுவதை அது பிடித்திருக்கும் துல்லியம். மற்றது வீரம், மண், மரபு. முதலாவதில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாவது, கதையைப் படிக்காமலே சொல்லக்கூடியது. 1959இல் நூலாக வந்த இக்குறுநாவல் வீரத்தைப் பற்றியதே அல்ல, ஆண்கள் ஒருவர் பார்வையில் ஒருவர் தாழ்ந்துவிடுவோமோ என்று படும் பயத்தைப் பற்றியது என்பது என் கட்சி.

பிச்சி காரியை அணைய வருவது காசுக்காக அல்ல. அந்தக் காளையால் மாண்ட அப்பன் அம்புலியின் பெயருக்கு நேர்ந்த குறையைத் தீர்க்க. ஜமீன்தாருக்கோ தன் கௌரவம் முழுக்க அந்த மாட்டின் திமிலில். பிச்சி அணைந்துவிடுகிறான். வெறிகொண்டு ஓடிய காரியை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார். மாட்டின் வெறியை அடக்கவா, தன் தோல்வி நாலு காலில் நடமாடுவதைப் பார்க்கச் சகியாமலா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி எழுதியிருப்பதுதான் செல்லப்பாவின் சாதனை.

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவியவனுக்குப் பெண். அவள் பரிசுப் பொருள்தான், ஆனால் பார்க்கிறாள், பேசுகிறாள், ஒருவனை வேண்டுகிறாள். 'வாடிவாசல்' அந்தப் பரிசின் இடத்தில் அப்பனை வைத்துவிட்டது. செத்த ஆணுக்காக உயிருள்ள ஆண், மூன்றாவது ஆண் ஒருவனின் முன் கணக்குத் தீர்க்கிறான். பெண் என்று ஒருத்தியும் பாத்திரமாக உருப்பெறவில்லை. கதையில் இல்லாததைக் கேட்பது விமர்சனமாகாது என்பார்கள். இந்த இன்மைதான் கதையின் உருவத்தையே தாங்கி நிற்கிறது என்பதால் கேட்கிறேன். களத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் உள்ளே வந்திருந்தால் இந்தக் கணக்கு அத்தனை சுத்தமாகத் தீர்ந்திருக்குமா? ஜமீன்தாரிடம் செல்லப்பாவுக்கு இருக்கிற விலகல் பிச்சியிடம் இல்லை. என் குறை அது ஒன்றுதான்.

நான் இருப்பது விளாங்குடியில். 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். பெண்கள் கல்லூரிக்குப் போகும் பஸ்களும் வீட்டுமனைக் கற்களும் நிறைந்துவிட்ட பிறகும் எங்கள் தெருவில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் சாணி அள்ளுவதும் அந்த வீட்டு அம்மாள். வாடியில் மைக்கில் கூப்பிடுவது அவள் புருஷன் பெயரை. 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கோஷமிட்டதை நாம் பார்த்தோம். சட்டமே மாறிற்று. இப்போது சில பெண்கள் தங்கள் பெயரிலேயே மாடு அவிழ்க்கிறார்கள். நல்லது. ஆனால் அதே கௌரவக் கணக்கில் பெண் பெயரிலும் ஒரு பக்கம் திறப்பதைச் சமத்துவம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆண் தோற்கக் கற்றுக்கொள்ளாத வரை எதுவும் மாறியதாக ஆகாது.

ஒரு வருஷம் அந்த மாடு பிடிபட்டுவிட்டது. அவர் இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அடிமாட்டுத் தரகர் வாசலில் நின்றார். ஜமீன்தாரிடம் துப்பாக்கி இருந்தது, இவரிடம் தரகரின் போன் நம்பர். எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. அம்மாள் கயிற்றைக் கொடுக்கவில்லை. "பிடிபட்டா என்ன? கொம்பு ஒடியாம வீடு வந்து சேந்துச்சுல்ல, அது போதும்" என்றாள். தரகர் போய்விட்டார். அவர் திண்ணையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். அவர் அதைச் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மாளின் வாக்கியம் 'வாடிவாசலில்' இல்லை. அதற்குப் பிறகு எழுதியவர்களும் எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வீரத்தைப் பாட நம்மிடம் ஆள் ஏராளம். தோற்ற ஆணையும் அவன் வீடு திரும்பும் வழியையும் எழுத ஒருவர் வரட்டும்.