வளையாத கண்ணாடியும் வளைக்கப்படும் சட்டமும்

அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்களிடையே ‘பெரிய வெட்டு’ என்றொரு பேச்சு உண்டு. வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பாகங்களாக விற்கும் ஆர்வி-7 கிட்டில், விமானியின் தலைக்கு மேல் கவியும் கேனோபி ஒரே அக்ரிலிக் குமிழாக வந்து இறங்கும். பின்னோக்கி நகரும் வகை வேண்டும் என்றால் அந்தக் குமிழைக் குறுக்கே அறுத்து, முன்துண்டை விண்ட்ஷீல்டாகவும் பின்துண்டை நகரும் மூடியாகவும் ஆக்க வேண்டும். முன்புறக் கீலில் தூக்கித் திறக்கும் வகையிலும் வெட்டு உண்டு. அங்கே பிரிவது பின்கண்ணாடி. வெட்டு தப்பினால் ஒட்டிச் சேர்க்க வழியில்லை, புதுக் குமிழ் வாங்க வேண்டியதுதான்.

பெயர் வெட்டுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் வேலையில் பாதிச் சிக்கல் அதற்கு முன்பே, சட்டத்தில் தொடங்கிவிடுகிறது.

நகரும் கேனோபியின் சட்டம் எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூடு. முன்னே ஒரு வில், பின்னே ஒரு வில், இரு பக்கமும் குழாய்கள், உச்சியில் நீளவாக்கில் முதுகெலும்பு போல இன்னொன்று. முன்பக்க உருளைகள் இரண்டு தடங்களில் ஓடும். பின்பகுதி நடுத்தடம் ஒன்றில் நகரும். பற்றவைக்கும் சூட்டில் எஃகு இழுத்துக்கொள்ளும் என்பதால், பெட்டியிலிருந்து எடுத்த சட்டம் விமான உடலோடு ஏறக்குறையத்தான் பொருந்துகிறது. முன்வில், விமானம் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல்பாரின் வளைவை ஒட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் விண்ட்ஷீல்டும் மூடியும் சந்திக்கும் இடத்தில் படி விழும். ஆகவே கட்டுகிறவர் சட்டத்தை மரக்கட்டைகள் மேல் வைத்து அழுத்தியும் நெம்பியும் வளைக்கிறார். அகலத்தைக் கூட்டினால் உயரம் குறைகிறது. உயரத்தைப் பிடித்தால் பின்வில் கோணிக்கொள்கிறது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வைதான். ஏற்றி, பார்த்து, இறக்கி, வளைத்து, மறுபடி ஏற்றி என்று வார இறுதிகள் கரைகின்றன.

இதை வெறும் தொழிற்சாலைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. கையால் ரிவெட் அடித்த இரண்டு உடல்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. அங்கே ஒரு மில்லிமீட்டர், இங்கே இரண்டு என்று மாறும். நம்மூர்த் தச்சரும் கதவை நிலையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இழைக்கிறார். கடைசிப் பொருத்தம் பொருந்தும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்பது பழைய, சரியான அறிவு. இப்படிக் கட்டியவருக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு இடைவெளியும் எதனால் வந்தது என்று தெரியும். அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏ, கட்டியவருக்கே பழுதுபார்ப்போர் சான்று கொடுத்து ஆண்டுப் பரிசோதனையை அவரே செய்யவிடுவதன் பின்னால் இருப்பதும் இந்த நம்பிக்கைதான்.

ஆனால் தச்சரோடு ஒப்பிட்டுவிட்டால் ஒப்பீட்டை முழுதாக முடிக்க வேண்டும். அவர் நூறு கதவு மாட்டியவர். கராஜில் நிற்பவருக்கு இது முதல் கேனோபி. பெரும்பாலும் கடைசியும் இதுவே. கற்றுக்கொள்வதும் கற்றதைக் காட்டுவதும் ஒரே துண்டில் நடக்கிறது. ரிவெட் அடிக்கப் பழகத் தகரத் துண்டு கிடைக்கும். வளைந்த குமிழுக்கு ஒத்திகை என்று பார்த்தால், வெட்டி எறியப்போகும் ஓரங்கள் மட்டுமே.

மரம் மன்னிக்கும், அக்ரிலிக் மன்னிக்காது. சாதாரணத் துளைமுனை அதைக் கடித்து இழுத்து விரிசல் விடவைக்கும். அதனால் கடிக்காமல் சுரண்டிச் செல்லும்படி தீட்டிய முனை வேண்டும். குளிரில் அறுத்தால் நொறுங்கும் என்பதால் அறையைச் சூடாக்கிவிட்டு, பல்லுள்ள வாளைத் தொடாமல் உரசி அறுக்கும் தட்டால் அறுக்கிறார்கள். விளிம்பில் சிறு வெட்டுக்குறி மிச்சமிருந்தாலும் விரிசல் அங்கேயிருந்து புறப்படும். ஆகவே விளிம்பு முழுதும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அசிட்டோன், பெட்ரோல் மட்டுமல்ல, ஸ்குரூ கழலாமல் இருக்க நூலில் இடும் திரவம் பட்டாலும் அக்ரிலிக் நுண்விரிசல் விடும்.

எல்லாவற்றுக்கும் மேல் சூடு. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். அதைத் தாங்கும் எஃகு அரை மில்லிமீட்டர் அசைந்தால் அதிகம். மீதி இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலான இழுபறியை ரிவெட் துளைகள்தான் ஏற்க வேண்டும். எனவே அக்ரிலிக்கில் துளையைப் பெரிதாக்கி விடுகிறார்கள். ஸ்குரூவையும் இறுக்கித் தொலைப்பதில்லை. ‘போதுமான அளவு’ என்றால் எவ்வளவு என்பது கையறிவு. அது நூறு கதவு மாட்டியவரிடம் இருப்பது. கோணிய சட்டத்தின் மேல் குமிழை வலிந்து அமர்த்தி ரிவெட் அடித்தால், அன்று ஒன்றும் தெரியாது. உள்ளே தங்கிய அழுத்தம் முதல் கடுங்குளிர் காலையில் விரிசலாக வெளியே வரும். விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்துவார்கள். அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டேதான் பிறகு பறக்க வேண்டும்.

இங்கேதான் என் மனக்குறை. 1980-களில் வந்த ஆர்வி-6-ஐக் கட்ட, பாகங்களை அசையாமல் பிடித்து நிறுத்தும் பெரிய ஜிக் செய்து, அதில் எலும்புக்கூட்டை நிறுத்த வேண்டியிருந்தது. 2001-இல் ஆர்வி-7 வந்தபோது தகடுகளில் கணினி எந்திரம் முன்கூட்டியே துளையிட்டுவிட்டது. துளைக்குத் துளை சேர்த்தால் இறக்கையும் உடலும் தாமாகவே நேராக நிற்கின்றன. இந்த நிறுவனத்தின் கிட்டுகளில் கட்டிய 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன என்றால் அதில் இந்தத் துளைகளுக்குப் பெரும் பங்குண்டு. இறக்கைக்குக் கிடைத்த துல்லியம் கேனோபிச் சட்டத்தின் அருகே வந்ததும் நின்றுவிட்டது.

இதற்கு அரசு விதியைக் காரணம் காட்டுவார்கள். விமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும் என்பது எஃப்ஏஏ விதி. 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். இந்தச் சாக்கு நிற்காது. பற்றவைத்த சட்டம் இப்போதும் தொழிற்சாலையிலிருந்துதான் வருகிறது. சரியான ஜிக்கில் வைத்துப் பற்றவைத்து, நிமிர்த்தி அனுப்பினால் கட்டுகிறவரின் பங்கு குறையப்போவதில்லை. விரைவுக் கிட் வாங்குகிறவருக்கு உடல் பெருமளவு ரிவெட் அடித்தே வருகிறது, அதையும் விதி தடுக்கவில்லை. வேலை கடினமாக இருப்பதாலேயே அது கல்வி ஆகிவிடாது. பொருத்தப் பழகுவது கல்வி. பிறர் கோணலாக்கியதை நிமிர்த்துவது வெறும் தண்டம்.

கட்டுகிறவர்கள் தாமே கண்ட ஒரு மாற்றும் உண்டு. ரிவெட்டை விட்டுவிட்டு, சிகாஃப்ளெக்ஸ் என்னும் பாலியூரித்தேன் பசையால் அக்ரிலிக்கைச் சட்டத்தில் ஒட்டுவது. படகு ஜன்னல்களில் பழகிய பொருள்தான். துளை இல்லாததால் விரிசலுக்கு ஒரு பிறப்பிடம் குறைகிறது. பசை தடிமனாக இருந்தால் சூட்டின் இழுபறியை அது உள்வாங்கிக்கொள்ளும். சட்டத்தின் சிறு கோணலையும் நிரப்பும். நான் கட்டுவதாக இருந்தால் இதையே தேர்வேன். ஆனால் தளர்ந்த ரிவெட் கண்ணுக்குத் தெரியும். பசைக்கு அடியில் பிரைமர் சரியாகப் பூசப்பட்டதா என்பது பின்னால் எவருக்கும் தெரியாது.

அவசரத்தில் வெளியேறும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தால் தூக்கித் திறக்கும் மூடி திறக்காது. நகரும் மூடியும் சட்டம் நசுங்கினால் சிக்கிக்கொள்ளலாம். கண்ணாடியை உடைக்க ஒரு கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துப் பறப்பவர்கள் இதை யோசித்தவர்கள். இடைவெளியின் அழகுக்காக மாதக்கணக்கில் உழைப்பவர்களில் பலர் இதற்கு ஒரு மாலைகூடக் கொடுப்பதில்லை.

கடைசியில் விமானம் கைமாறும் நாள் வரும். கட்டியவரின் அறிவு அவரோடு போய்விடும். வாங்குகிறவருக்கு மிஞ்சுவது கண்ணாடி மட்டுமே. பழைய ஆர்வி ஒன்றை வாங்க நினைப்பவர் என்ஜின் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன், ஒரு டார்ச் விளக்கை எடுத்துக் கேனோபியின் பின்விளிம்பில் ரிவெட் ரிவெட்டாக ஒளியடித்துப் பார்க்கட்டும்.