பூஸ்டர் போட்டால் நிழல் போகுமா?

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாடிகளிலும் ஆண்டெனாக்கள் முளைத்தன. படத்தில் இரட்டை உருவம் தெரிந்தால் கடைக்காரர்கள் பலர் சொன்ன மருந்து: பூஸ்டர். நோய்க்குச் சற்றும் பொருந்தாத மருந்து இது.

நிழல் எப்படி வந்தது? நகரத்திலிருந்து நேரே வரும் அலையோடு, தகரக் கூரையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலையும் தாமதமாக வந்து சேர்ந்தது. நீங்களே கணக்கிடலாம். பழைய பெட்டியின் 40 செ.மீ. அகலத் திரையில் ஒரு வரி எழுத ஏறத்தாழ 52 மைக்ரோநொடி. ஆகவே நிழல் 1 செ.மீ. தள்ளி விழுந்தால் தாமதம் 1.3 மைக்ரோநொடி, அந்த அலை சுமார் 400 மீட்டர் சுற்றி வந்திருக்கிறது! பூஸ்டர் இரண்டு அலைகளையும் ஒன்றாகவே பெருக்கும். நிழலும் தடிக்கும்.

பரிகாரம் திசையில்தான். யாகி-உடா ஆண்டெனாவின் முன்புறம் கிழக்கே நகரத்தை நோக்கினால், பின்னாலிருந்து வரும் எதிரொலிப்பை அது பெரிதும் ஒதுக்கிவிடும். குழாயைச் சில டிகிரி திருப்பிப் பார்க்கக் காசு வேண்டாம். (உடா 1950-களில் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்.) 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க முயன்றவர்களுக்குப் பூஸ்டர் தேவைப்பட்டது நியாயம். 20 கிலோமீட்டருக்கு எதற்கு?

2016-இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னைக்கு வந்தது. ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்று ஒட்டிய பெயரையும் நம்பவேண்டாம். கம்பிக்கு அரை அலைநீளம்தான் தெரியும்: 65 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர், 500 மெகாஹெர்ட்ஸுக்கு 30 செ.மீ.