திருப்பிக் கொடுத்த பிலிம் சுருள்

கைப்பேசி வருவதற்கு முன்பு, கான்சாபுரம் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் போட்டோவாவதற்குச் சில சந்தர்ப்பங்கள்தான் இருந்தன. சடங்கு வைத்தபோது ஒன்று. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறிப்போய் ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று. “தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா, லேசாச் சிரி” என்பார் போட்டோக்காரர். பிறகு கல்யாண ஆல்பம். அதற்கப்புறம் நேராக மாலை போட்ட படம்தான். அதுகூடத் தனியாக எடுத்ததாக இருக்காது. வாக்காளர் அட்டையிலிருந்தோ, யார் கல்யாணத்திலோ ஓரமாக நின்றதிலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பட்டுச்சேலை ஒட்டிப் பெரிதாக்கித் தருவார்கள். இவற்றில் எதையும் அந்தப் பெண் கேட்டு எடுத்ததில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியிருந்ததில்லை.

தயானிதா சிங்கின் படங்களை வகுப்பில் காட்டும்போது எனக்கு இந்தப் படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 1961இல் டெல்லியில் பிறந்து, 2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற ஒளிப்படக் கலைஞர் அவர். அவருடைய கலை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், எடுத்து முடித்து யாரும் பார்க்காமல் போன சில படங்களில்தான் என்பேன்.

1989இல் லண்டன் நாளிதழான டைம்ஸுக்காக ஹிஜ்ராக்களைப் படமெடுக்கப் பழைய டெல்லிக்குப் போகிறார். மோனா அகமது ஒப்புக்கொள்கிறார், படமும் எடுத்தாகிவிட்டது. பிறகுதான் படங்கள் லண்டனில் அச்சாகும் என்பது மோனாவுக்குத் தெரிகிறது. அங்கே தனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், பிலிமைக் கொடுத்துவிடு என்கிறார். தயானிதா கொடுத்துவிடுகிறார். வேலைக்கு வந்த ஒருவர் வேலையைக் கைவிட்ட இடத்தில் அந்த நட்பு தொடங்கியது.

‘இயல்பான முகம்’ என்று நாம் புகழும் படங்களில் பலவும் ஒரு பெண் அசந்த நேரத்தில் எடுத்தவை. அவள் தயாராவதற்குள் பிடித்துவிட்டால் அதுவே உண்மையான முகம் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. சித்திரை மாதம் கூவாகத்துக்குப் போய்ப் பாருங்கள். தாலியறுத்து அழும் திருநங்கைகளைச் சுற்றிக் கேமராக்கள் நெருக்கியடித்து நிற்கும். கண்ணீர் உண்மைதான். ஆனால் பல படங்களின் கீழே அழுகிறவரின் பெயர்கூட இருப்பதில்லை. வேட்டைக்காரனுக்குக் கிடைக்கும் உண்மை அது.

மோனாவின் கதை வேறு மாதிரி போகிறது. ஆயிஷா என்ற குழந்தையைத் தத்தெடுத்த பிறகு, அவளுடைய முதல் பிறந்தநாளைப் படமெடுக்க மோனாவே தயானிதாவை அழைக்கிறார். மூன்று நாள் கொண்டாட்டம். எடுக்கச் சொன்னவரும் மோனா, படத்துக்கு அமர்ந்தவரும் மோனா. பின்னர் குழந்தை மோனாவிடமிருந்து பிரிக்கப்படுகிறது. ஹிஜ்ரா சமூகத்திலிருந்தும் விலகி, அவர் ஒரு கல்லறைத் தோட்டத்தில் குடியேறுகிறார். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் தயானிதா போய்க்கொண்டே இருந்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் 2001இல் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்ற நூலாயின. அதில் வரும் எழுத்து மோனாவுடையது, பதிப்பாளர் வால்டர் கெல்லருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள். படத்தில் துயரமே உருவாக நாம் பார்க்கிற ஒருவர், கடிதத்தில் தன் கதையைத் தன் போக்கில் சொல்லிக்கொண்டு போகிறார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவரைப் புரிந்துகொண்டோம் என்று சொல்லிவிட முடியாது.

‘பிரைவசி’ (2004) நூலின் படங்கள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசதியான குடும்பங்கள், அவரவர் வீட்டுக் கூடங்களில். வறுமையையும் பாலியல் தொழிலையும் மட்டுமே இந்தியா என்று கேட்ட அயல்நாட்டுப் பத்திரிகைகளிடமிருந்து விலகி, தன் வர்க்கத்தையே பார்க்கத் துணிந்தது பெரிய காரியம். ஆனால் அவர்கள் படத்துக்கு உட்காரப் பழகியவர்கள். வேண்டாம் என்றால் யாரும் மீறி எடுக்கப்போவதில்லை. மோனா சொன்ன ‘வேண்டாம்’ அப்படிப்பட்டதல்ல. கேமரா வைத்திருந்தவர் நினைத்திருந்தால் பிலிமோடு போயிருக்கலாம், அவரைக் கேட்பதற்கும் ஆளில்லை.

இதை வைத்து தயானிதாவைப் புனிதராக்க வேண்டியதில்லை. தலைப்பு ‘நான் மோனா அகமது’ என்கிறது, ஆனால் அந்த நூல் உலகெங்கும் தயானிதா சிங்கின் நூலாகவே அறியப்படுகிறது. 2013 வெனிஸ் பியனாலேயில் அவர் காட்டிய காணொளிக்கு ‘மோனா அண்ட் மைசெல்ஃப்’ என்று பெயர். அதில் மோனா ஒரு பழைய இந்திப் பாட்டைக் கேட்டபடி படுத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த முறை தலைப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள். மோனா 2017இல் இறந்துபோனார்.

“இத்தனை வருஷ நட்பு இருந்தால்தான் ஒருத்தியை ஒழுங்காப் படமெடுக்க முடியும்னா, கல்யாணத்துக்கு எடுக்கிற போட்டோக்காரர் என்ன மிஸ் பண்றது?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எடுத்த படத்தைப் பெண்ணிடம் காட்டலாம், அனுப்பட்டுமா என்று அவளிடமே கேட்கலாம் என்றேன். “எங்க வீட்டுல அண்ணன்கிட்டதான் காட்டுவாங்க” என்றாள்.