வாகையில்லா மீட்சி: 1990ஆம் ஆண்டுப் படைவிலகலும் பத்திரிகைகளும்

பண்டைத் தமிழர் போரினை நிகழ்ச்சிதோறும் பகுத்துப் பெயரிட்டனர். ஆநிரை கவர்தற்கு வெட்சி, மண்ணசையாற் படை செலுத்தற்கு வஞ்சி, அரண் முற்றுதற்கு உழிஞை, களத்திற் பொருதற்குத் தும்பை, வென்றி பெறுதற்கு வாகை என வகுத்த தொல்காப்பியர், வெல்லாமலும் தோலாமலும் வேற்று நாட்டினின்று மீளும் படைக்குத் தனித் திணை வகுத்திலர். இக்காலப் படைகளோ பல அவ்வாறே மீள்கின்றன. அம்மீட்சிக்குப் பெயரிடும் பணி பத்திரிகைகளைச் சார்ந்துள்ளது. அப்பணியை அவை ஆற்றிய திறத்தை ஆராய்வதற்கு, 1990 மார்ச் 24ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகத்தினின்று நிறைவுற்ற இந்தியப் படையின் விலகலினும் ஏற்றதோர் எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்தார்க்கு இல்லை.

1987 யூலை 29இல் இராசீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். மறுநாளே படை பலாலியில் இறங்கியது. அதன் பெயர் அமைதி காக்கும் படை என்பது. ஒக்டோபர் 10இல் அப்படையே விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கியது. 1989 யூன் மாதத் தொடக்கத்தில் சனாதிபதி இரணசிங்க பிரேமதாசா படை வெளியேற வேண்டுமென வெளிப்படையாகக் கோரினார். செப்டெம்பரில் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. பின்னர்ப் பதவியேற்ற வி. பி. சிங் அரசு விலகலை முடித்துவைத்தது.

இந்நிகழ்ச்சியை மூவிடத்துப் பத்திரிகைகள் மூவகையாக நோக்கின. இந்தியப் பத்திரிகைகள் பலவற்றுக்கு இது ஒரு வெளிநாட்டுக் கொள்கையின் கணக்கு முடிப்பு. ஏறத்தாழ 1,200 வீரர் உயிரீந்த ஒரு முயற்சி பயன் தந்ததா என்பதே அவை எழுப்பிய முதல் வினா. ‘இந்தியாவின் வியட்நாம்’ என்னும் தொடர் அக்காலத்தே வழக்கூன்றியது. அத்தொடர் தன்னாட்டு அரசைக் கண்டித்தது மெய்யே. ஆயினும் அதனகத்தே ஒரு குறையுண்டு. அதன்படி கதைத்தலைவன் மீள்கின்ற நாடே. போர் நிகழ்ந்த நிலம் வெறுங்களம் மாத்திரமே. மீண்ட படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்திற்கு முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லாமை பெரும் விவாதப் பொருளாயிற்று. அவர் சென்றிருத்தல் வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றி எழுந்த வாதத்திற் பெரும்பகுதி தமிழக அரசியலைப் பற்றியதே.

கொழும்புப் பத்திரிகைகளுக்கு இது இறைமையின் மீட்பு. 1973 முதல் அரசின் பிடியிலிருந்த ஏரிக்கரை நிறுவனத்தின் இதழ்கள் அரசின் குரலைப் பின்பற்றியதில் வியப்பில்லை. ஒப்பந்தத்தைத் தொடக்கமுதலே எதிர்த்த ‘திவயின’ போன்ற தனியார் சிங்கள இதழ்களும் இவ்விடயத்தில் அரசோடு ஒரே திசையை நோக்கின. அந்நியன் போனான் என்பது செய்தியாயிற்று. அவன் நின்ற ஊர்களில் இனி யார் ஆள்வர் என்பது செய்தியாகவில்லை.

யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் நிலை வேறு. போர் தொடங்கிய அன்றே ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகியவற்றின் அச்சகங்கள் இந்தியப் படையினரால் அழிக்கப்பட்டன. அதே மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண வைத்தியசாலையில் மருத்துவரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். இவற்றைக் கண்டவர்க்கு விலகல் ஓர் ஆறுதலாகத் தோன்றியது இயல்பே. ஆனால் ஆறுதல் ஆராய்ச்சியாகாது. துவக்கேந்திய பல தரப்பாரிடையே அச்சுக் கோத்த இதழ்கள், ஒரு தரப்பின் கொடுமையை எழுதும்போது மற்றைத் தரப்பின் கொடுமையை விடுத்து எழுத நேர்ந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’, எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்றது. நாள்தோறும் எழுதப்பட்டிருக்க வேண்டியது நூலாகப் பிந்தி வந்தது. அந்நால்வருள் ஒருவரான இரஜனி திராணகம அந்நூல் வெளிவருமுன்னரே, 1989 செப்டெம்பர் 21இல், சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூவிடத்தாரும் ஒருங்கே தவறவிட்ட வினா ஒன்றுண்டு. படை போனபின் எஞ்சுவோர் யார்? 1989இல் தமிழ்த் தேசிய இராணுவத்திற்கென இளைஞர் பலர் வலிந்து பிடிக்கப்பட்டனர். அவர்களைத் திரட்டிய படைக்கு நாடு திரும்பக் கப்பலிருந்தது, அவர்களுக்கு இல்லை. நாட்கணக்கிற்கும் கப்பற்கணக்கிற்கும் கிடைத்த இடம், மைந்தரைத் தேடிய அப்பெற்றோரின் வினாவிற்குக் கிடைத்ததெனக் கூறல் அரிது. இறந்த வீரர்க்கு எண்ணிக்கையும் நினைவுத்தூணும் உள; இறந்த குடிமக்களுக்கு எல்லாரும் ஒப்பும் எண்ணிக்கைதானும் இல்லை.

பத்திரிகையாளரை மாத்திரம் குறைகூறுதல் நீதியன்று. தென்னிலங்கையில் 1989 யூலையில் ஒலி, ஒளிபரப்புத் துறையினரான தேவிஸ் குருகேயும் பிரேமகீர்த்தி டி அல்விசும் கொல்லப்பட்டனர். 1990 பெப்ரவரி 18இல் றிச்சாட் டி சொய்சா இல்லத்தினின்று கடத்தப்பட்டு உயிரிழந்தார். அஞ்சி வாய்மூடியவனும் விரும்பி வாய்மூடியவனும் ஒருவரல்லர். ஆயின் அச்சமில்லாத அயல்நாட்டிலிருந்து எழுதியோர்க்கு இச்சமாதானம் பொருந்தாது.

இது நம் நாட்டிற்கு மாத்திரம் உரிய குறையன்று. 1989 பெப்ரவரி 15இல் சோவியத்துத் தளபதி குரோமொவ் அமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஆப்கானித்தானத்தினின்று மீண்ட காட்சியை உலகெங்கும் ஒளிப்படங்கள் காட்டின. இறுதி வீரன் கடக்கும் காட்சி கதை முடிந்ததென்னும் மயக்கத்தைத் தருகின்றது. கதையோ பாலத்தின் மறுகரையில் தொடர்கின்றது. திருகோணமலையிலும் அவ்வாறே ஆயிற்று. கப்பல் போய் மூன்று மாதம் நிறையுமுன், யூன் மாதத்தில், போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களினின்று விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவ்வெளியேற்றத்திற்கு உடன்படிக்கையுமில்லை, வழியனுப்பு விழாவுமில்லை.

ஒற்றர் மூவர் கூற்று ஒத்தவழியே ஒரு செய்தியைத் தெளிதல் வேண்டுமென்பது வள்ளுவர் ஒற்றாடலில் அரசர்க்கு வகுத்த நெறி. குடியாட்சியில் அந்நெறி வாசகர்க்கு உரியது. 1990 மார்ச் மாதத்துச் சென்னை, கொழும்பு, யாழ்ப்பாண இதழ்களை மாணவர் ஒருங்கு வைத்துப் பயிலுதல் நன்று. அவை ஒத்தவற்றை மாத்திரமன்றி, மூன்றும் ஒருங்கே சொல்லாது விட்டவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அம்மூன்றாண்டுகளிற் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்றும் இக்குடாநாட்டில் வாழ்கின்றனர். இதழ்கள் அன்று கேளாத வினாக்களை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் காலமுண்டு.