சொல்லி அடித்த அரிவாள்

திருச்சி காட்டூரில், தஞ்சாவூர் சாலைக் கடைகளில் எவர்சில்வர் கத்தி உடனே கிடைத்துவிடும். சொல்லி அடித்த அரிவாள் வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி வரை மனசு போகிறது. விஜய் நடித்த ‘திருப்பாச்சி’ (2005) வந்தபின் அந்த ஊர் என்றாலே அடிதடி என்றாகிவிட்டது. பாவம், தேங்காய் வெட்டவும் முள் கழிக்கவும்தான் அரிவாள் அதிகம் உழைக்கிறது.

பட்டறைக்காரர்கள் விரும்பி எடுப்பது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. உலையில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைப்பார்கள். வித்தை இருப்பது தோய்ச்சலில். சூடு மிஞ்சித் தண்ணீரில் முக்கினால் வாய் பொரிந்துவிடும்; குறைந்தால் மழுங்கும். அளவுகோல் கண்தான், இரும்பின் நிறம் பார்த்தே முடிவு.

இன்று லாரி ஸ்பிரிங் ஆனாலும், தெற்கத்தி உருக்கின் பெருமை பழையது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, லண்டன் கத்தி வணிகர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820 வாக்கில் இந்திய ‘ஊட்ஸ்’ எஃகை ஆராய்ந்தார்.

அரிவாள் வாங்கியவருக்கும் வேலை உண்டு. எலுமிச்சை நறுக்கி அப்படியே போட்டால் கறுக்கும். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு. துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். எவர்சில்வர் கத்திக்கு இந்தச் செல்லமெல்லாம் தேவையில்லை.