நற்சான்றின் மொழி

நற்பிட்டிமுனையில் தொழிலுக்கு விண்ணப்பிக்கும் எந்தப் பிள்ளையின் கோப்பைத் திறந்தாலும் நற்சான்றுக் கடிதம் ஒரே குரலில்தான் பேசுகிறது: ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், எப்பொறுப்பையும் திறம்பட நிறைவேற்றக்கூடியவர்.’

ஹதீஸ் கலையில் ‘ஸிகா’வுக்கும் ‘ஸதூக்’குக்கும் இடையே அறிவிப்பாளரின் தரமே மாறிவிடும், இருவரும் உண்மையாளர்தான், பின்னவரின் நினைவாற்றல் ஒருபடி குறைவு. ஹிஜ்ரி 233இல் வபாத்தான யஹ்யா இப்னு மயீன், தாம் ஒருவரைக் ‘குறையில்லை’ என்றாலே அவர் ‘ஸிகா’தான் என்று விளக்கியிருக்கிறார். நமக்கோ பத்து அடைமொழி எழுதியும் ஆள் தெரிவதில்லை. (நம் நூல்களின் அணிந்துரைகளும் இந்த ரகமே.)

நானும் இரு மாணவிகளுக்கு ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்தவன். ஒருத்தி, பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். கடிதத்தில் அது இல்லை. நேர்முகத் தேர்வில் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சிரித்தார்களாம். ‘என்னப் பத்தி ஒண்டும் எழுதல்லியே சேர்’ என்றாள்.