நூறு விழுக்காடு: எதில்?

ஒரு தடுப்பூசி 'நூறு விழுக்காடு பயனுடையது' என்று செய்தி வந்தால், நாம் முதலில் கேட்கவேண்டியது 'எதில் நூறு?' என்பதே. கொரோனாவுக்கு எதிராக ரஷ்யாவில் உருவான எபிவாக்கொரோனாவின் கதை இதற்கு நல்ல பாடம்.

நோவசிபிர்ஸ்க் நகருக்கு அருகிலுள்ள வெக்டர் ஆய்வு மையம் இதைத் தயாரித்தது. இதில் உயிருள்ள வைரஸும் இல்லை, கொல்லப்பட்ட வைரஸும் இல்லை. வைரஸின்மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் மூன்று சிறு துண்டுகளைச் செயற்கையாகச் செய்து, வேறொரு புரதத்தின்மேல் ஏற்றினார்கள். அமினோ அமிலங்கள் கோத்த இத்தகைய குறுந்தொடரே பெப்டைடு. ஊசியால் நோய் தொற்றும் அச்சம் இதில் இல்லை. சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். கருத்தில் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. முழுப் புரதம் மடிந்து சுருண்டு ஓர் உருவம் பெற்றிருக்கும். தனித் துண்டு அதே வளைவில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. துண்டைக் கண்டு உடல் செய்த எதிர்ப்பொருள், முழு வைரஸைப் பற்றுமா? சோதனைதான் விடை சொல்லவேண்டும்.

நடந்தது என்ன? நூறு பேரிடம் முதலிரு கட்டச் சோதனைகள் நடந்தன. 2020 அக்டோபரில் தடுப்பூசி பதிவாயிற்று. பெரிய சோதனை அதன் பின்னரே தொடங்கியது. 2021 ஜனவரியில் 'நோயெதிர்ப்புப் பயன் 100 விழுக்காடு' என்று, வெக்டருக்கு மேலமைப்பான அரசுத் துறையே அறிவித்தது. ஊசி பெற்றவர்களுக்கெல்லாம் எதிர்ப்பொருள் உண்டாயிற்று என்பதே இதன் பொருள்; அனைவரும் நோயிலிருந்து தப்பினர் என்பதன்று. பெரிய சோதனையில் பங்குகொண்ட சிலர் வெளி ஆய்வுக்கூடங்களில் பார்த்தபோது எதிர்ப்பொருள் தென்படவில்லை. வெக்டரின் சோதனைப் பொருளால்தான் அது தெரியும் என்று பதில் வந்தது. கடைத் தராசை அதே கடைக்காரர் செய்த எடைக்கல்லால் சரிபார்ப்பது போன்றது இது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இந்த அளவீட்டை ஏற்போமா?

எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டாலே காப்பு கிடைத்துவிடாது. இஸ்ரேலில் உருவான எம்-001 என்னும் ஃப்ளூ தடுப்பூசி, வைரஸ் புரதங்களின் ஒன்பது சிறு துண்டுகளைத் தொடுத்துச் செய்தது. சிறு சோதனைகளில் அது எதிர்ப்பாற்றலைத் தூண்டியது. 12,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவும் அதே 2020 அக்டோபரில் வெளியாயிற்று. ஊசி பெற்றவருக்கும் போலி ஊசி பெற்றவருக்கும் நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை! முயற்சி தோற்றது, ஆனால் கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தது.

'நூறு' என்ற சொல்லை நம்பி ஊசி போட்டுக்கொண்டவர், காப்பு வந்துவிட்டதென்று முகக்கவசத்தைக் கழற்றினால் ஆபத்து அவருக்குத்தான். மாணவர்களே, ஊசி பெற்றவர்களில் எத்தனை பேர் நோயுற்றனர்? பெறாதவர்களில் எத்தனை பேர்? இவ்விரு எண்களையும் சொல்லாத விழுக்காடு வெறும் விளம்பரமே.